கடவுச்சொல் இட்ட சிஸ்டம் இமேஜிலிருந்து கணினியை மீட்டமைத்தல்: முதன்முறை செய்வோருக்கான வழிகாட்டி

பிரான்சிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பிய மடிக்கணினியின் வன்தட்டு பழுதாகி, கடவுச்சொல் இட்டு எடுத்து வைத்திருந்த சிஸ்டம் இமேஜிலிருந்து (விண்டோஸோடு வன்தட்டு முழுவதையும் கோப்பாக எடுத்த நகலிலிருந்து) அதனை மறுபடி இயங்க வைக்கும் வேலை அண்மையில் என் தலையில் விழுந்தது. இணையத்தில் இதற்கு விளக்கங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு நின்றுவிடுகின்றன. கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கப்படாமல் போவது, மீட்புச் சூழலில் (பென்ட்ரைவிலிருந்து தொடங்கும் சிறு விண்டோஸில்) வன்தட்டே தெரியாமல் இருப்பது, மீண்டு வந்த விண்டோஸ் யாரோ ஒருவரின் கைபேசிக்கு வந்த குறியீட்டைக் கேட்பது போன்ற, உண்மையில் ஆளை வாட்டும் இடங்களைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதே வேலையில் இறங்கப்போகும் ஒருவருக்குத் தேவையானவற்றை, செய்ய வேண்டிய ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இமேஜ் கோப்பு உங்கள் கடவுச்சொல்லுக்குத் திறக்கிறது என்பதை, மீட்புப் பென்ட்ரைவில் இயங்கும் அதே சூழலில் கண்ணால் காணும்வரை, எந்த வன்தட்டிலும் எதனையும் அழிக்காதீர்கள். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த ஒரு காரணத்துக்காகவே அமைந்திருக்கிறது.

1. ஆவணங்களையும் பொருள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

வேலையைத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தேடினால் ஒரு நாளில் முடிய வேண்டியது ஒரு கிழமை இழுபடும். பின்வருவனவற்றை ஒரு கடித உறையில் போட்டு மேசையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கணினி வாங்கிய பற்றுச்சீட்டும் உத்தரவாத அட்டையும் முதலில் வேண்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால், பழுதான வன்தட்டை மாற்றித் தரவேண்டியது விற்றவரின் பொறுப்பு. அப்படியிருக்க நீங்களே பின்மூடியைக் கழற்றி ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் அந்த உரிமை சிக்கலாகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த கணினிக்கு அந்நாட்டு உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகுமா என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையத்தளத்தில் தொடர் இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, இமேஜ் எடுக்கப் பயன்பட்ட மென்பொருளின் பெயரும் பதிப்பும். இது மறந்துபோயிருந்தால் கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் நீட்சியைப் பாருங்கள். எம்ஆர்ஐஎம்ஜி (mrimg) என்று முடிந்தால் மக்ரியம் ரிஃப்லெக்ட், டிஐபி (tib) அல்லது டிஐபிஎக்ஸ் (tibx) என்று முடிந்தால் அக்ரோனிஸ், ஏடிஐ (adi) என்றால் ஏஓமெய் பக்கப்பர், பிபிடி (pbd) என்றால் ஈஸ்யூஎஸ், விபிகே (vbk) என்றால் வீம். விண்டோஸ் இந்த நீட்சிகளை வழக்கமாக மறைத்தே காட்டும். கோப்பு உலாவியின் காட்சி அமைப்பில் அதனை வெளிக்காட்டச் செய்ய வேண்டும். ஒரு மென்பொருளின் இமேஜை இன்னொன்றால் திறக்க இயலாது. பழைய பதிப்பில் எடுத்ததை அதே மென்பொருளின் புதிய பதிப்பு பெரும்பாலும் திறக்கும். புதியதில் எடுத்ததைப் பழையது திறக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மூன்றாவது, மைக்ரோசொஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும், அக்கணக்கோடு இணைந்த கைபேசி இலக்கமும். இங்கேதான் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. லண்டனிலோ பாரிசிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமாவோ சித்தியோ கணினியை வாங்கி, தங்கள் கணக்கிலேயே அதைத் தொடக்கிப் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். வன்தட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கரின் மீட்புச் சாவி அப்போது அவர்களுடைய கணக்கில்தான் இருக்கும், விண்டோஸ் உரிமமும் அக்கணக்கோடு இணைந்திருக்கும். உறுதிப்படுத்தும் குறியீடு அவர்களுடைய கைபேசிக்குத்தான் போகும். இங்கே காலை 10 மணி என்றால் ரொறன்ரோவில் நள்ளிரவு, லண்டனில் விடிந்தும் விடியாத நேரம். அவர்கள் விழித்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, நம் நேரப்படி மாலையில் அந்தப் பகுதியைச் செய்வதுபோல் திட்டமிடுங்கள்.

பொருள்களில், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட வெறுமையான பென்ட்ரைவ் ஒன்று, இமேஜ் இருக்கும் வெளிவாரி வன்தட்டு, தேவையானால் பழுதான வன்தட்டுக்குப் பதிலாகப் போடப் புதிய எஸ்எஸ்டி, இயங்கும் நிலையிலுள்ள இன்னொரு விண்டோஸ் கணினி ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்னது இரவலாக ஒரு பின்னேரத்துக்குக் கிடைத்தாலும் போதும், ஆனால் அது இல்லாமல் முடியாது.

2. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று பிரித்தறியுங்கள்

ஒரே கணினியில் குறைந்தது நான்கு வெவ்வேறு பூட்டுகள் இருக்கக்கூடும். கணினியைத் திறந்தவுடன், விண்டோஸ் வருமுன்னரே கேட்கப்படுவது பயோஸ் கடவுச்சொல். நீல நிறத் திரையில் 48 இலக்கங்களைக் கேட்பது பிட்லொக்கர். உள்நுழையும்போது கேட்பது விண்டோஸ் கடவுச்சொல் அல்லது பின் (PIN) இலக்கம். இமேஜ் கோப்பைத் திறக்கும்போது மட்டும் கேட்கப்படுவதுதான் நாம் இங்கே பேசும் கடவுச்சொல். அது இமேஜ் எடுத்த நாளில், அந்த மென்பொருளுக்குள் தனியாகக் கொடுக்கப்பட்டது. பின்னாளில் நீங்கள் விண்டோஸ் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் இமேஜின் கடவுச்சொல் மாறுவதில்லை.

இமேஜ் குறியாக்கமும் செய்யப்பட்டிருந்தால், மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டும் பயனில்லை. ஏஇஎஸ் என்ற வலுவான முறையில் குறியாக்கிய கோப்பைக் கடவுச்சொல் இன்றித் திறக்க அவர்களிடமும் வழி இல்லை. பணம் கட்டினால் திறந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கருவிகள் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் வேலையைத்தான் செய்கின்றன. நீளமான கடவுச்சொல்லுக்கு அது கைகொடுக்காது. ஆகவே உங்கள் நினைவில் உள்ள, இருக்கக்கூடிய கடவுச்சொற்களை எல்லாம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் அந்தத் தாள் தேவைப்படும்.

3. மீட்புப் பென்ட்ரைவைத் தயாரியுங்கள்

இயங்கும் கணினியில் அதே காப்பு மென்பொருளை நிறுவினால், மீட்பு ஊடகம் உருவாக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கும். அது விண்டோஸின் சிறு வடிவம் ஒன்றைப் பென்ட்ரைவில் எழுதித் தரும். இதற்காகச் சில நூறு எம்பி முதல் ஒரு ஜிபிக்கு மேல்வரை பதிவிறக்க நேரலாம். கைபேசி டேட்டாவை நம்பியிருப்போர் இரவு நேர டேட்டா உள்ள பொதியைப் பயன்படுத்துவது சிக்கனம்.

பென்ட்ரைவ் ஃபட்32 முறையில் ஃபோர்மட் ஆகும். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பை வைக்க முடியாது என்பதால், இமேஜையும் அதிலேயே போட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். இமேஜ் தன் வெளிவாரி வன்தட்டிலேயே, என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கட்டும். தொடர் காப்புகளாக எடுத்திருந்தால் முதல் முழுக் காப்பும் அதனைத் தொடர்ந்த எல்லாக் கோப்புகளும் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். இடையில் ஒன்று குறைந்தாலும் அதற்குப் பிந்தியவை பயனற்றவை.

செலவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மீட்டமைப்பதற்கு மட்டும் பல மென்பொருள்களின் இலவச அல்லது சோதனைப் பதிப்பே போதுமானது. மக்ரியத்தின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது, ஆனாலும் சோதனைப் பதிப்பு கிடைக்கிறது. பழைய கணினியின் இமேஜை முற்றிலும் வேறொரு கணினியில் இறக்கும் வசதி மட்டும் சில மென்பொருள்களில் கட்டணப் பதிப்பிலேயே உண்டு. அதை டொலரில், அட்டை மூலம் கட்ட வேண்டியிருக்கும். உரிமப் பூட்டு உடைக்கப்பட்ட (கிராக்) பதிப்பை யாராவது பென்ட்ரைவில் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். உங்கள் இமேஜின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யப்போகும் மென்பொருள் அது.

4. அதிலிருந்து கணினியைத் தொடக்குங்கள்

கணினியை முழுமையாக அணைத்து, பென்ட்ரைவைச் செருகி, மின்விசையை அழுத்தியவுடன் தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ ஆகியவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப், ஏசரில் எஃப்12, ஆனால் முதலில் பயோஸ் அமைப்புக்குள் சென்று அந்தப் பட்டியலை இயங்கச் செய்ய வேண்டியிருக்கும்.

பட்டியலில் பென்ட்ரைவின் பெயர் யூஇஎஃப்ஐ (கணினி தொடங்கும் புதிய முறை) என்ற முன்னொட்டோடும் அது இன்றியும் இருமுறை தோன்றலாம். இமேஜ் எடுத்தபோது கணினி எந்த முறையில் இயங்கியதோ அதே முறையைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் 11 உடன் வந்த கணினியென்றால் ஐயமின்றி யூஇஎஃப்ஐதான்.

5. அழிப்பதற்கு முன் கடவுச்சொல்லைச் சோதியுங்கள்

மீட்புச் சூழல் திறந்ததும், மீட்டமை என்ற பொத்தானுக்குப் போகாமல், இமேஜை உலாவிப் பார்க்கும் அல்லது சரிபார்க்கும் வசதிக்குச் செல்லுங்கள். கோப்பைத் தெரிவுசெய்தவுடன் கடவுச்சொல் கேட்கப்படும். அது ஏற்கப்பட்டால் நிம்மதி. ஏற்கப்படாவிட்டால் உடனே மறந்துவிட்டது என்ற முடிவுக்கு வராதீர்கள். பெரும்பாலும் குற்றம் நினைவில் இல்லை, விசைப்பலகையில் இருக்கிறது.

மீட்புச் சூழல் வழக்கமாக அமெரிக்க ஆங்கில விசைப்பலகை அமைப்பில்தான் தொடங்கும். கணினியின் விசைகளில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. பிரான்சிலிருந்து வந்த கணினியில் விசைகள் வேறு ஒழுங்கில் இருக்கும். அதில் ஏ என்று அச்சடித்த விசையை அழுத்தினால் மீட்புச் சூழலில் கியூ விழும். ஏ வேண்டுமென்றால் கியூ என்று அச்சடித்த விசையை அழுத்த வேண்டும். எம் (M) வேண்டுமென்றால் என் (N) விசைக்கு வலப்பக்கத்தில் காற்புள்ளி அச்சடித்த விசையை அழுத்த வேண்டும். இசட்டும் டபிள்யூவும் தம்முள் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சு அமைப்பில் மேல்வரிசை எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும், அமெரிக்க அமைப்பில் அழுத்தக் கூடாது. கடவுச்சொல் தட்டும் பெட்டியில் கறுப்புப் புள்ளிகள் மட்டுமே தெரிவதால், இவ்வளவும் மாறி விழுவது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஜேர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளிலிருந்து வந்த கணினிகளில் வை (Y), இசட் (Z) இரண்டும் இடம் மாறியிருக்கும். லண்டனிலிருந்து வந்ததில் எழுத்துகள் ஒழுங்காகவே இருக்கும், குறிகளில்தான் சறுக்கும். பிரித்தானிய அமைப்பில் @ குறி, என்டர் விசைக்கு அருகிலுள்ள ஒற்றை மேற்கோள் விசையோடு ஷிஃப்ட் சேர்த்தால் வரும்; மீட்புச் சூழலில் அதே குறிக்கு ஷிஃப்டும் 2 உம் அழுத்த வேண்டும். பவுண் குறி அமெரிக்க அமைப்பில் இல்லவே இல்லை. கடவுச்சொல்லில் அது இருந்தால், விசைப்பலகை அமைப்பை மாற்றாமல் அங்கே தட்ட முடியாது.

தமிழில் தட்டச்சு செய்வோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பாமினி முறையில் தட்டச்சுப் பழகியவர்கள் ஏராளம். பாமினி எழுத்துருவில் தட்டும் பழக்கத்தில் அம்மா என்று கடவுச்சொல் கொடுத்திருந்தால், உண்மையில் பதிவானவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகளே. எழுத்துரு திரையில் காட்டும் வடிவம் மட்டும்தான் தமிழ். அதை மீட்புச் சூழலிலும் அப்படியே தட்டலாம், தடையில்லை. ஆனால் யூனிகோட் விசைப்பலகை மென்பொருள் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தபோது அதே விசைகளை அழுத்தியிருந்தால், பதிவானவை உண்மையான தமிழ் எழுத்துகளாக இருக்கக்கூடும், அவற்றை மீட்புச் சூழலில் நேரடியாகத் தட்ட இயலாது.

சோதிக்கும் வழி எளிது. பெரும்பாலான மீட்புச் சூழல்களில் கட்டளைச் சாளரம் ஒன்றைத் திறக்கலாம். அதில் உங்கள் கடவுச்சொல்லைத் தட்டிப் பாருங்கள். அங்கே புள்ளிகள் இல்லை, எழுத்துகள் வெளிப்படையாகத் தெரியும். எந்த விசை எதைத் தருகிறது என்பதை இரண்டாம் படியில் எழுதிய தாளில் குறித்துக்கொண்டு, பிறகு கடவுச்சொல் பெட்டிக்குத் திரும்புங்கள். பார்த்து முடிந்ததும் சாளரத்தில் தட்டியதை அழித்துவிட்டு மூடுங்கள். கேப்ஸ் லொக் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்களுக்கு வலப்பக்க எண் பலகையை விட்டு மேல்வரிசையையே பயன்படுத்துங்கள். கைபேசிக் குறிப்பிலிருந்து பார்த்துத் தட்டுவோருக்குச் சுழியமும் ஓ எழுத்தும், ஒன்றும் சிறிய எல்லும் ஒன்றுபோலத் தோன்றும்.

இதிலும் சரிவராவிட்டால், வெளிவாரி வன்தட்டை இயங்கும் கணினியில் இணைத்து, அங்கே விசைப்பலகை அமைப்பைப் பழைய கணினியில் இருந்த மொழிக்கு மாற்றி, அதே மென்பொருளில் இமேஜைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கடவுச்சொல் உறுதியாகிவிட்டது, மிச்சம் இருப்பது விசைகளின் இடம் மட்டுமே. மேலும், இமேஜுக்குள் இருக்கும் உங்கள் ஆவணங்களை அங்கிருந்தே பிரதி எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு வேண்டியது அவ்வளவாகவே இருக்கக்கூடும், அப்படியானால் முழு மீட்டமைப்பை விட்டுவிட்டுப் புதிதாக விண்டோஸ் நிறுவிக்கொள்வதே விரைவான வழி.

கடவுச்சொல் ஏற்கப்பட்ட பிறகு, சரிபார்ப்பை முழுமையாக ஓடவிடுங்கள். கோப்பு முழுவதையும் வாசிக்க வேண்டியிருப்பதால் மீட்டமைப்புக்கு ஆகும் அளவு நேரம் இதற்கும் ஆகும். பொறுமையின்றி இதனைத் தாண்டிப் போனவர்கள், பாதி எழுதிய நிலையில் கோப்பு சிதைந்திருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். அதற்குள் பழையதும் போயிருக்கும்.

6. பழைய வன்தட்டில் உள்ள புதியவற்றை எடுத்துவிடுங்கள்

மீட்டமைத்தால் கணினி இமேஜ் எடுத்த நாளுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பின் சேர்த்த புள்ளி விவரங்கள், பிள்ளைகளின் செயற்றிட்டக் கோப்புகள், படங்கள் எதுவும் அதில் இராது. பழைய வன்தட்டு ஓரளவேனும் உயிரோடிருந்தால், மீட்புச் சூழலிலிருந்தோ, யூஎஸ்பி வடம் மூலம் இன்னொரு கணினியில் இணைத்தோ அவற்றைப் பிரதி எடுங்கள். பிட்லொக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்கச் சாவி வேண்டும். திரையில் தோன்றும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளை மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுச் சரியானதைத் தெரிவுசெய்யுங்கள். பழுதான வன்தட்டு கடகடவென்று ஒலி எழுப்பினால் நிறுத்திவிடுங்கள். அதைத் திரும்பத் திரும்ப இயக்குவது, பின்னர் தரவு மீட்பு நிலையம் ஒன்றுக்குக் கொடுத்தாலும் கிடைக்கக்கூடியதைக் கெடுத்துவிடும்.

7. வன்தட்டு தெரியாவிட்டால்

2020 இன் பிற்பகுதியிலிருந்து வந்த, இன்டெல் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில், மீட்புச் சூழலில் வெளிவாரி வன்தட்டு மட்டும் தெரியும், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி தெரியாது. புதிய எஸ்எஸ்டி பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். பயோஸில் விஎம்டி என்ற, எஸ்எஸ்டிகளைக் கையாளும் இன்டெல் அமைப்பு இயங்கிக்கொண்டிருப்பதும், அதற்குரிய டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) மீட்புப் பென்ட்ரைவில் இல்லாததும்தான் காரணம். கணினித் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் உங்கள் மாதிரிக்குரிய பக்கத்திலிருந்து இன்டெல் ரெப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பதிவிறக்கி, விரித்து, மீட்பு ஊடகத்தை அந்த டிரைவரோடு மறுபடி உருவாக்குங்கள். பயோஸில் விஎம்டியை அணைத்துவிட்டால் எஸ்எஸ்டி தெரியும் என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் இமேஜிலுள்ள விண்டோஸ் விஎம்டி இயங்கிய நிலையில் நிறுவப்பட்டது என்பதால், மீட்டபின் நீலத் திரையோடு நின்றுவிட இடமுண்டு.

8. மீட்டமையுங்கள்

இந்தப் படிக்கு முன் மின்சாரத்தைப் பற்றி யோசியுங்கள். உங்கள் பகுதிக்கு அறிவிக்கப்பட்ட மின்தடை அன்றைக்கு உண்டா என்று பாருங்கள். மடிக்கணினியென்றால் பற்றரி நிறைந்த நிலையில் சார்ஜரையும் செருகி வையுங்கள்; மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை மாத மழையும் இடியும் உள்ள பின்னேரங்களைத் தவிருங்கள். இடையில் மின் நின்றால் இமேஜுக்குக் கேடில்லை, எழுதப்பட்டுக்கொண்டிருந்த வன்தட்டுக்கு மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.

எழுதப்போகும் வன்தட்டும் இமேஜ் உள்ள வன்தட்டும் மீட்புப் பென்ட்ரைவும் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறித் தோன்றும். நீங்கள் சி என்று பழகியது அங்கே டி ஆக இருக்கலாம். எழுத்தை நம்பாமல் கொள்ளளவையும் மாதிரிப் பெயரையும் வைத்தே இலக்கைத் தெரிவுசெய்யுங்கள். புதிய வன்தட்டில் சி டிரைவை மட்டும் இறக்கினால் கணினி தொடங்காது. அதற்கு முன்னுள்ள, கணினியைத் தொடக்கும் சிறிய இஎஃப்ஐ பகுதி, பின்னுள்ள மீட்புப் பகுதி எல்லாம் சேர்த்து முழு வன்தட்டாக இறக்குங்கள். புதிய எஸ்எஸ்டி பழையதைவிடச் சிறியதாயினும், பயன்பட்ட தரவு அதற்குள் அடங்கினால் பல மென்பொருள்கள் பகுதியைச் சுருக்கி இறக்கித் தரும்.

நேரத்தை யூஎஸ்பி துளைதான் தீர்மானிக்கிறது. 120 ஜிபி இமேஜ் யூஎஸ்பி 2.0 துளையில், நொடிக்கு 30 எம்பி அளவில் வாசிக்கப்பட்டால், ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும், யூஎஸ்பி 3.0 துளையில் சாதாரண வெளிவாரி வன்தட்டு நொடிக்கு 100 எம்பி அளவில் தந்தால் இருபது நிமிடமளவில் முடியும். 3.0 துளையின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். சரிபார்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு முழுப் பின்னேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

முடிந்ததும் கணினியை அணைத்து, பென்ட்ரைவையும் வெளிவாரி வன்தட்டையும் கழற்றிவிட்டுத் தொடக்குங்கள். தொடங்காவிட்டால் மீட்புச் சூழலுக்குத் திரும்பி, விண்டோஸ் தொடக்கக் கோளாறுகளைச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதனை ஓடவிடுங்கள்.

9. முதல் உள்நுழைவில் கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் கணக்கு இக்கணினிக்கு மட்டும் உரியதென்றால், கடவுச்சொல் இமேஜ் எடுத்த நாளில் இருந்ததே. அதன்பின் மாற்றியதை இது அறியாது. பின் இலக்கம் கணினியின் பாதுகாப்புச் சில்லோடு பிணைந்தது என்பதால், தாய்ப்பலகை மாறியிருந்தால் செல்லாது. இணைய இணைப்போடு மைக்ரோசொஃப்ட் கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதிதாக அமைக்க வேண்டும். வெளிநாட்டு உறவினரின் கைபேசிக்குக் குறியீடு போகும் கட்டம் இதுவே.

இணைய இணைப்பு இருந்தும் உள்நுழைவு மறுக்கப்பட்டால், திரையின் மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். நீண்ட காலம் கழற்றி வைத்திருந்த மேசைக் கணினியில் சிஆர்2032 நாணயப் பற்றரி இறந்து, திகதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் எதுவும் திறவா, விண்டோஸ் உரிமமும் உறுதிப்படாது. அந்தப் பற்றரி மணிக்கூட்டுக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கிறது.

விண்டோஸ் உரிமம் தாய்ப்பலகையோடு பிணைந்தது. வன்தட்டை மட்டும் மாற்றியிருந்தால் இணையத்தில் இணைந்தவுடன் தானாகவே உறுதிப்படும். பிட்லொக்கர் பொதுவாக மீட்டபின் அணைந்த நிலையில் இருக்கும். அதை மறுபடி இயக்கி, புதிய மீட்புச் சாவியை இம்முறை உங்கள் சொந்தக் கணக்கில் சேமித்து, தாளிலும் அச்சிட்டு வையுங்கள். பழைய சாவி இனி இந்த வன்தட்டைத் திறக்காது. இமேஜ் விண்டோஸ் 10 ஆக இருந்தால், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. வங்கி வேலைகளுக்குப் பயன்படுத்துமுன் நீடித்த பாதுகாப்பு மேம்படுத்தலில் பதிவதா, 11க்கு மாறுவதா என்று தீர்மானியுங்கள்.

10. கடையில் கொடுத்துச் செய்விப்பதாயின்

எல்லாரும் தாமே செய்ய வேண்டும் என்பதில்லை. கஸ்தூரியார் வீதி, ஸ்டான்லி வீதிப் பக்கங்களில் கணினித் திருத்தகங்கள் பல உண்டு. ஆனால் கணினி தொடங்கவில்லை என்று மட்டும் சொல்லி விட்டுவந்தால், “புது விண்டோஸ் அடிச்சுத் தாறம்” என்று ஃபோர்மட் செய்து தருவதே பொது வழக்கம். அவர்களுக்கு விரைவாக முடியும் வேலை அது. எனவே இமேஜிலிருந்து மீட்டமைக்க வேண்டும், பழைய வன்தட்டை ஃபோர்மட் செய்யக்கூடாது, கழற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்து, கணினியின் தொடர் இலக்கத்தையும் குறிப்பித்து வாங்குங்கள். இமேஜ் மென்பொருளின் பெயரைச் சொல்லி, முன்பு அதில் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

கூலி கடைக்குக் கடை வேறுபடும். புதிய எஸ்எஸ்டியின் விலை டொலரோடும் சந்தையோடும் ஏறி இறங்குவதால், உதிரிப்பாகம் தனி, வேலைக்கூலி தனி என்று பிரித்து, 18 சதவீத வற் வரி சேர்ந்ததா சேராததா என்றும் கேட்டு, இரண்டு கடையிலாவது விலை பாருங்கள். எஸ்எஸ்டியை வேறிடத்தில் வாங்கினால் அதற்குரிய உத்தரவாதச் சீட்டு அந்தக் கடையினுடையதாகவே இருக்கட்டும்.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி கணினியின் மேல் ஒட்டிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இமேஜுக்குள் வங்கிக் கோப்பும் குடும்பப் படமும் முழுமையாக இருக்கின்றன. கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்ததும் அழைக்கச் சொல்லி, நேரில் போய் நீங்களே தட்டுங்கள். ஐந்தாம் படியில் விசை மாற்றங்களைக் குறித்த தாளைக் கொண்டுபோனால் ஐந்து நிமிட வேலை. வெளிவாரி வன்தட்டைக் கடையில் இரவு தங்கவிடாமல் அன்றே எடுத்துவருவதற்கு, காலையில் கொடுப்பது நல்லது.

கணினி சரிவர இயங்குவதாகத் தோன்றினாலும், பழைய வன்தட்டையும் அந்த இமேஜையும் ஒரு மாதமளவேனும் அழிக்காமல் வைத்திருங்கள். அதற்கிடையில் புதிய நிலையில் இன்னொரு இமேஜ் எடுங்கள். அதற்குக் கொடுக்கும் கடவுச்சொல்லில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளை மட்டும், நீளமாக, ஏ, கியூ, டபிள்யூ, இசட், வை, எம் ஆகிய ஆறையும் தவிர்த்து அமைத்தால், அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சு, ஜேர்மன் விசைப்பலகைகள் நான்கிலும் அதே விசைகளால் அது விழும்.